‘ட்வைலைட்’ நாவல் வரிசையை 15 வயது மகள் படிக்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர்ப் பால்மரமும் இப்போது செம்பனையுமாக இருக்கும் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. என் மகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் 3 படிக்கிறாள். சென்ற பள்ளி விடுமுறையில், இரவுச் சந்தையில் பழைய புத்தகம் விற்பவரிடம் 5 வெள்ளி கொடுத்து, ஸ்டெஃபனி மேயர் எழுதிய ‘ட்வைலைட்’ நாவலை வாங்கி வந்தாள். கறுப்பு அட்டையில் வெளிறிய இரண்டு கைகள் ஒரு சிவப்பு ஆப்பிளை ஏந்தியிருக்கும் அந்தப் புத்தகத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நான்கே நாளில் அதை முடித்துவிட்டு, அடுத்த பாகங்களான ‘நியூ மூன்’, ‘எக்லிப்ஸ்’, ‘பிரேக்கிங் டான்’ ஆகியவற்றை வகுப்புத் தோழியிடம் இரவல் வாங்கி வைத்திருக்கிறாள்.

2005 முதல் 2008 வரை வெளிவந்து, உலகெங்கும் 10 கோடிப் படிகளுக்கு மேல் விற்ற வரிசை என்பதால், அதில் என்னதான் இருக்கிறது என்று அறிந்துகொள்ள முதல் பாகத்தை நானும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அமெரிக்காவின் ஃபோர்க்ஸ் என்னும் மழை ஊருக்குத் தந்தையுடன் வசிக்க வரும் 17 வயதுப் பெண் பெல்லா, உடன் படிக்கும் எட்வர்ட் என்பவனைக் காதலிக்கிறாள். அவனோ 1918-இல், சாகக் கிடந்த நேரத்தில் ரத்தக் காட்டேரியாக மாற்றப்பட்டு, அன்றிலிருந்து 17 வயதிலேயே நின்றுவிட்டவன். அவனும் அவன் குடும்பத்தாரும் மனித ரத்தத்தை விலக்கி விலங்குகளின் ரத்தத்தைக் குடித்து வாழ்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தேவார வகுப்பு நடக்கும்போது வெளியே காத்திருக்கும் தாய்மார்களிடம் இதைப் பற்றிப் பேசினேன். காட்டேரிக் கதையை வீட்டுக்குள் வைத்திருப்பதே ஆகாது என்றார் ஒருவர். கைப்பேசியை வைத்துவிட்டுப் பிள்ளை புத்தகத்தைத் தூக்கியதற்கே சந்தோஷப்பட வேண்டும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் தாமே அந்த நாவல்களைப் படித்தவர். திருமணத்துக்கு முன் எல்லை மீற மாட்டேன் என்று பையனே பிடிவாதமாக நிற்கும் கதையை இந்தக் காலத்தில் வேறு எங்கே பார்க்க முடியும் என்று கேட்டார்.

எனக்குக் காட்டேரியோ ரத்தமோ பெரிதாகத் தோன்றவில்லை. என்னை உறுத்தும் இடம் வேறு. பெல்லா அறியாமல் எட்வர்ட் இரவில் அவள் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு அது தெரிய வரும்போது அவள் கோபப்படுவதில்லை, உள்ளூர மகிழ்ந்துபோகிறாள். நான் லயத்து வீட்டில் வளர்ந்தவள். எங்கள் சன்னலின் தாழ்ப்பாள் சரியாக விழாது. அம்மா ஒவ்வோர் இரவும் அதை ஒரு துண்டுக் கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். சன்னலுக்கு அப்பால் ஓர் ஆண் நிற்பதைக் காதல் என்று நினைக்க எங்களுக்கு வழியே இருந்ததில்லை. அதே இடத்தை என் மகள் புன்னகையோடு படிக்கிறாள்.

அவளைத் தடுப்பதா, முழுவதையும் படிக்க விடுவதா, படிக்க விட்டால் எப்படிப் பேசுவது என்று இந்த நாவல்களை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: பால்மரத்து மகள்

அக்கா, தயவு செய்து பறித்துவிடாதீர்கள். நான் 2009-ஆம் ஆண்டு, பீடோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தபோது, 16 வயதில் இந்த நான்கையும் படித்தேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து புதுமுக வகுப்பு வழியாக இடைநிலைப்பள்ளிக்குப் போனவள் நான். ஆங்கிலத்தில் பாடநூலைத் தவிர வேறு எதையும் கடைசிப் பக்கம் வரை படித்ததில்லை. முதன்முதலில் அப்படிப் படித்து முடித்த புத்தகம் இதுதான். இன்று வேலையிடத்தில் தயக்கமில்லாமல் ஆங்கிலம் பேசுகிறேன் என்றால் அதற்கான தொடக்கம் அங்கே இருக்கிறது.

எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதை ஏன் இவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதைக் காதலை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஃபோர்க்ஸ் கற்பனை ஊர் அன்று. வாஷிங்டன் மாநிலத்தில் உண்மையிலேயே இருக்கும், ஏறக்குறைய மூவாயிரம் பேர் வாழும் மரம் வெட்டும் ஊர். 1990-இல் ஒரு வகைக் காட்டு ஆந்தையைக் காப்பதற்காக வெட்டுக்குக் கட்டுப்பாடுகள் வந்தபோது அங்கே பலருடைய பிழைப்பு போயிற்று. மரத்தை மட்டுமே நம்பி இருந்த ஊர் என்பது நமக்குத் தெரியாததா? இந்த விவரங்களைப் பின்னாளில்தான் அறிந்தேன். ஆனால் எல்லாரும் எல்லாரையும் அறிந்த, மழை விடாத, வெளியேற வழி தெரியாத அந்த ஊரைப் படிக்கும்போதே அடையாளம் கண்டுகொண்டேன். பெல்லா வந்து சேர்ந்த சில நாள்களிலேயே வீட்டுச் சமையலை ஏற்றுக்கொண்டு, வேலைக்குப் போய்வரும் தந்தைக்கு இரவுச் சாப்பாடு ஆக்கி வைக்கிறாள். விடியற்காலையில் அம்மா பால்வெட்டுக்குப் போனபின் தம்பிகளுக்கு ஆக்கிப் போட்டுவிட்டுப் பள்ளிப் பேருந்துக்கு ஓடிய எனக்கு, அவளுடைய அடுப்படிதான் முதலில் பிடித்தது.

‘நியூ மூன்’ பாகத்தில் எட்வர்ட் அவளை விட்டுப் போனபின், சில பக்கங்களில் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதத்தின் பெயர் மட்டும் இருக்கும்; வேறு ஒரு சொல்லும் இருக்காது. நான் அதைப் படித்த ஆண்டில்தான் எங்கள் தோட்டம் கைமாறி, லயங்களை இடித்து, பக்கத்து வீட்டில் என்னோடு ஒன்றாக வளர்ந்த தோழியின் குடும்பம் ஜோகூருக்குப் போய்விட்டது. அந்த வெற்றுப் பக்கங்களின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தது இன்றும் நினைவிருக்கிறது. எழுத்து நயம் இல்லாதவர் என்று மேயரைச் சொல்பவர்கள் அந்தப் பக்கங்களை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நீங்கள் சொன்ன சன்னல் காட்சி தவறுதான். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் வரிசை அங்கேயே நின்றுவிடவில்லை. மூன்றாம் பாகத்தில் அவளை, ஓநாயாக மாறக்கூடிய அவள் நண்பன் ஜேக்கப்பிடம் போகவிடாமல் தடுக்கும் எட்வர்ட், பிறகு தான் செய்தது சரியில்லை என்று உணர்ந்து, காட்டேரிகளுக்கும் ஓநாய் மனிதர்களுக்கும் இடையிலான எல்லைக்கோடு வரை தானே அவளைக் காரில் கொண்டுபோய் விடுகிறான். முதல் பாகத்தோடு நிறுத்தினால் உங்கள் மகளிடம் வெயிலில் மின்னுகிற எட்வர்ட் மட்டும்தான் தங்குவான். முழுவதும் படிக்கட்டும் அக்கா.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மதிப்பிற்குரிய சகோதரிக்கு வணக்கம். என் பேத்தியோடு உரையாட வேண்டும் என்பதற்காக நான்கு பாகங்களையும் பொறுமையாகப் படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். புத்தகத்தைப் பறிக்க வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் இதற்கு முன் எழுதிய மகளின் கனிவை என்னால் பகிர்ந்துகொள்ள இயலவில்லை.

அந்தச் சன்னல் காட்சியைப் பற்றிப் பேசும்போது என் பேத்தி, நம் அக இலக்கியத்திலும் தலைவன் இரவில் வருகிறானே, அது மட்டும் சரியா என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு இரவுக்குறி என்று பெயர். தலைவியின் வீட்டார் பேசும் பேச்சு காதில் விழும் அளவுக்கு அருகிலேயே அது நிகழும் என்று தொல்காப்பியம் இடம் வகுக்கிறது. ஆனால் ‘குறி’ என்ற சொல்லே அங்கு முக்கியம்: அது இருவரும் அறிந்த, முன்னரே பேசி வைத்த இடம். தலைவி விழித்திருக்கிறாள்; தலைவனின் வரவை எதிர்பார்த்திருக்கிறாள். தோழி நடுவில் நிற்கிறாள். வரும் வழியில் யானையும் பாம்பும் உண்டு, இரவில் வாராதே, பகலில் வா, விரைவில் மணந்துகொள் என்று தலைவனிடம் துணிந்து சொல்கிறாள். எட்வர்ட் வந்ததில் குறியும் இல்லை, தோழியும் இல்லை, தலைவி தூங்கிக்கொண்டிருக்கிறாள். ஆகவே அதைக் களவொழுக்கத்தோடு ஒப்பிட முடியாது என்று அவளிடம் சொன்னேன்.

தோழி இல்லை என்பதுதான் இந்த நாவல்கள் முழுவதிலும் என்னை வருத்தும் குறை. பெல்லாவுக்குப் பள்ளியில் சிநேகிதிகள் இருக்கிறார்கள். ஆனால் ஒருவரிடமும் அவளால் உண்மையைச் சொல்ல முடியாது, ஏனெனில் காதலனின் இரகசியம் காக்கப்பட வேண்டும். பின்னர் தோழியைப் போல் அமைகிற ஆலிஸ் காதலனின் குடும்பத்தைச் சேர்ந்தவள். ‘எக்லிப்ஸ்’ பாகத்தில், எட்வர்ட் வேட்டைக்குப் போகும் நாள்களில் பெல்லாவை வெளியே விடாமல் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ள அதே ஆலிஸுக்கு ஒரு மஞ்சள் போர்ஷே கார் கையூட்டாகக் கிடைக்கிறது. அதற்கு முன்பே, அவள் ஜேக்கப்பைப் பார்க்கப் போகக் கூடாது என்று அவளுடைய பழைய டிரக்கின் பாகம் ஒன்றை எட்வர்ட் கழற்றி வைத்தும் இருக்கிறான். பின்னால் மனம் மாறினான் என்று மகள் எழுதியது உண்மையே. இருந்தாலும், வண்டியை ஓடவிடாமல் செய்வதை அன்பின் மிகுதி என்று ஒரு முறை நம்பிவிட்ட 15 வயது மனம், நாளை தன் கைப்பேசியை வாங்கி ஒவ்வொரு செய்தியாகப் பார்க்கும் பையனையும் அப்படியே நம்பும் என்று அஞ்சுகிறேன். வகுப்பறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். அப்படி நம்பிய மாணவிகளை அறிவேன்.

அந்தப் பாகத்திலேயே இன்னோர் இடம் உண்டு. எட்வர்டைவிட ஜேக்கப்பே நல்லவன் என்று கட்சி கட்டுகிறவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். ஜேக்கப் அவள் விருப்பமின்றி அவளை முத்தமிடுகிறான். அவள் அவன் முகத்தில் குத்த, குத்திய கைதான் அடிபடுகிறது. வீட்டுக்கு வந்ததும், ஊரின் காவல் தலைவராகிய அவள் தந்தை சார்லி, விஷயத்தைக் கேட்டு ஜேக்கப்பை மெச்சுகிறார். காட்டேரிகள் வருகிற இடங்களில் எனக்கு அச்சம் எழவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தந்தை மற்றவன் பக்கம் சாய்கிற அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சகோதரியின் மகளோடு பேசுவதற்கு அதைவிடப் பொருத்தமான பக்கம் இந்த வரிசையில் இல்லை.

மற்றொன்று, வயது. தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்க வேண்டிய பத்து ஒப்புகளைத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எண்ணிச் சொல்கிறது. அவற்றுள் ஆண்டு ஒன்று. எட்வர்ட் 1901-இல் பிறந்தவன். உருவம் பதினேழாக இருந்தாலும் அறிந்தவை நூறாண்டுக்கானவை. ஒருத்தி முதன்முறையாக உணர்கிற ஒவ்வொன்றையும் பிறர் மனத்தைப் படிக்கும் ஆற்றலுள்ள மற்றவன் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளாகப் பிறரிடம் படித்து வந்திருக்கிறான் என்றால், அவர்களிடையே ஒப்பு எங்கிருந்து வரும்? திருமணத்துக்கு முன் எல்லை மீறாத கட்டுப்பாட்டை மெச்சிய தாயாரின் கருத்தை மதிக்கிறேன். அது நூலாசிரியர் சார்ந்த மோர்மன் சமய நெறியோடும் பொருந்தியது. ஆனால் கட்டுப்பாட்டின் திறவுகோல் முழுவதும் ஆணின் கையிலேயே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மறுமொழி 3: செம்பனைக்காடு

இதுவரை யாரும் பேசாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஜேக்கப்பும் அவன் உறவினரும் ஓநாயாக மாறும் மக்களாக இந்த நாவல்களில் வருகிறார்கள். அவர்கள் கற்பனை இனம் அல்லர். ஃபோர்க்ஸுக்கு அருகில் லா புஷ் என்னும் கடற்கரையில் வாழும் கிலியூட் என்ற பழங்குடியினர் உண்மையில் இருக்கிறார்கள். தங்கள் முன்னோர் ஓநாய்களிலிருந்து உருமாற்றப்பட்டவர்கள் என்பது அவர்களுடைய தோற்றக் கதை. அந்தப் புனிதக் கதையை எடுத்து, காட்டேரிகளோடு பகை, ஒப்பந்தம் என்று நாவலாசிரியர் தம் விருப்பப்படி பின்னிவிட்டார். சியாட்டிலில் உள்ள பர்க் அருங்காட்சியகம் அந்த மக்களோடு சேர்ந்து, நாவல் சொல்வதற்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க ஒரு வலைத்தளமே அமைக்க வேண்டியிருந்தது. ஜேக்கப்பாகத் திரையில் நடித்தவரும் கிலியூட் இனத்தவர் அல்லர்.

அந்தக் குடியிருப்பு ஆழிப்பேரலை தாக்கக்கூடிய தாழ்ந்த கரையில் இருக்கிறது. மேட்டு நிலம் வேண்டும் என்று நெடுங்காலம் கேட்டவர்களுக்கு, 2012-இல்தான் தேசியப் பூங்காவிலிருந்து நிலம் அளிக்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. அதே ஆண்டில்தான் ஐந்தாவது திரைப்படமும் வெளிவந்தது. உலகமே அவர்கள் பெயரை ஓநாய்க் கதையாக அறிந்திருந்த காலத்தில் அவர்கள் பள்ளிக்கூடத்தை மேட்டுக்கு நகர்த்தப் போராடிக்கொண்டிருந்தார்கள்.

இது எனக்கு ஏன் பெரிதாகத் தோன்றுகிறது என்றால், நானும் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவன். இடைநிலைப்பள்ளியில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் உள்காட்டிலிருந்து வந்த தெமியார் என்னும் பழங்குடி இனத்துப் பையன். காட்டைப் பற்றியும் மந்திரத்தைப் பற்றியும் நாங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவன் தலையைக் குனிந்துகொள்வான். தன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை என்று பள்ளியை விட்டு நிற்கும் முன் ஒரு நாள் சொன்னான். நானும் கேட்டதில்லை. அக்கா, உங்கள் மகள் ஜேக்கப்பை விரும்பினால், கிலியூட் மக்களைப் பற்றியும் தேடிப் படிக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 4: ஈப்போ நூலகப் பிரியை

சுருக்கமாக என் கருத்து. எனக்கு இந்த நடை பிடிக்கவில்லை. எட்வர்டின் முகம் எவ்வளவு அழகு என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் திரும்பச் சொல்வது அலுப்பூட்டுகிறது; ஸ்டீஃபன் கிங் போன்ற திகில் எழுத்தாளரே 2009-இல் மேயருக்கு எழுத வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆனாலும், எட்வர்டின் பார்வையில் அதே கதையைச் சொல்லும் ‘மிட்நைட் சன்’ 2020-இல் வந்திருக்கிறது. அதையும் மகளுக்குக் கொடுங்கள். பெல்லாவை முதன்முதலில் வகுப்பறையில் முகர்ந்த நேரத்தில், அவளைக் கொல்வதற்காக அந்த வகுப்பு முழுவதையும் கொன்றுவிடலாமா என்று அவன் கணக்குப் போடுகிறான். பெல்லா சொல்லும்போது தெரியாத அபாயம் அவன் சொல்லும்போது தெரிகிறது.

பால்மரத்து மகள் மீண்டும்

ஆசிரியர் ஐயா, இரவுக்குறி பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். தோழி இல்லாத கதை என்பது சரி. அந்த வயதில் எனக்கும் தோழி போய்விட்டிருந்தாள்; அதனால்தான் அந்தக் குறை எனக்குத் தெரியாமல் போயிருக்கலாம். பெல்லாவுக்குப் பிறந்த குழந்தையைக் கண்டதும் ஜேக்கப்புக்கு அதுவே வாழ்நாள் துணை என்ற பிணைப்பு விழுந்துவிடும் கடைசிப் பாகத்துப் பகுதியை என்னாலும் ஏற்க முடியவில்லை, அன்றும் முடியவில்லை.

ஒன்றில் மட்டும் நான் மாறுபடுகிறேன். பெல்லா எதையும் தீர்மானிக்காதவள் அல்லள். காட்டேரியாக வேண்டும் என்பது அவள் விருப்பம். எட்வர்ட் இறுதிவரை தயங்குகிறான். வயிற்றில் வளரும் பிள்ளை அவளைக் கொன்றுவிடும் என்று அவன் அதை அகற்றச் சொல்லும்போது, முடியாது என்று உறுதியாக நின்று சாதிக்கிறாள். அவள் எடுத்த முடிவு நமக்குப் பிடிக்க வேண்டும் என்பதில்லை, ஐயா. ஆனால் அது அவளுடைய முடிவு. பெல்லா காப்பாற்றப்படவே பிறந்தவள் என்ற விமர்சனத்துக்கு விடையாக, 2015-இல் மேயர் ஆண் பெண் பாத்திரங்களை இடம் மாற்றி முதல் பாகத்தை மீண்டும் எழுதினார். அதையும் நீங்கள் படித்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

சுங்கை சிப்புட் வாசகி மீண்டும்

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தடுக்கவில்லை. ஆசிரியர் ஐயா சொன்ன பக்கத்தைப் படிக்கச் சொல்லி, சன்னல் கம்பியைப் பற்றியும் மகளிடம் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, “எனக்குத் தெரியாமல் ஒருவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் கத்துவேன், அம்மா. பெல்லா கத்த மாட்டாள் என்று எழுதினவருக்குத் தெரியும், எனக்காக அவர் எழுதவில்லை,” என்றாள். சார்லியின் மேல் அவளுக்கு என்னைவிடக் கோபம் அதிகம்.

இடையில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. என் மாமியாருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. மாலையில் மகள் அவருக்குக் கதை சொல்வது வழக்கம். இந்தக் கதையையும் தமிழில் சொல்லி வந்திருக்கிறாள். ‘பிரேக்கிங் டான்’ பாகத்தில், கருவுற்ற பெல்லா மெலிந்து எலும்பாகி, எதைச் சாப்பிட்டாலும் நிற்காமல், கடைசியில் கோப்பையில் ரத்தம் குடித்துத் தேறுகிற இடம் வந்தபோது, முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். மசக்கையில் வயிற்றுப் பிள்ளை கேட்டதைத்தானே தாய் குடிப்பாள் என்று இயல்பாகச் சொன்னார். பிரசவத்தில் பெல்லாவின் முதுகெலும்பு முறிந்து உயிர் போகும் நிலையில் எட்வர்ட் தன் நஞ்சை அவள் இதயத்தில் செலுத்துகிற இடத்தில், “தாய் பிழைத்தாளா, இல்லையா? அதை முதலில் சொல்,” என்று பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிழைத்தாள், இன்னும் பலசாலியாக எழுந்தாள், பிள்ளையையும் தூக்கிக்கொண்டாள் என்று மகள் சொன்னபின் நெடுநேரம் பேசவில்லை. பிறகுதான், இத்தனை ஆண்டுகளில் எங்களிடம் சொல்லாததைச் சொன்னார். அவருடைய அக்காள், பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நிறைமாதக்காரி, ஓர் இரவில் வலி எடுத்து, தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸரால் ஒன்றும் செய்ய முடியாமல், பட்டணத்துக்குக் கொண்டுபோக லாரி வருவதற்குள் பிள்ளையோடு இறந்துபோனார். ஊர்நாட்டில் அப்படிப் போனவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவார்களாம். தோட்டத்தில் அதற்கு வழியில்லை. பிரசவத்தில் இறந்தவள் பொந்தியானாக் ஆகி ரத்தம் குடிக்க வருவாள் என்று மலாய்க்காரர்கள் சொல்வதை நம்மவர்களும் நம்பியதால், அக்காள் வெட்டிய பால்மர நிரைக்கு இருட்டில் போக எல்லாரும் அஞ்சினார்கள். அந்த நிரையை மாமியார்தான் கேட்டு வாங்கி, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, தனியாகப் பல ஆண்டுகள் வெட்டியிருக்கிறார். பயமாக இல்லையா, பாட்டி என்று மகள் கேட்டாள். “வந்தால் பார்க்கலாம் என்றுதான் போனேன்,” என்றார்.

நேற்று இரவு அந்தப் பிரசவ அத்தியாயத்தை மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.